வேம்பு போதும், பெயர் வேண்டாம்

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஊரில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில், நான் பெரிதும் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர் பேசினார். பேச்சு பல திசைகளில் சுற்றி, இணையத்தில் புனைபெயர்களில் எழுதும் இளைஞர்களிடம் வந்து நின்றது. சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் துணிவில்லாதவர்களுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார். “மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு முகமூடி எதற்கு?” என்று அவர் முடித்தபோது அரங்கம் கைதட்டியது. பழக்கத்தினால் நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கைதட்டலுக்காக வெட்கப்பட்டேன்.

வெட்கத்துக்குக் காரணம் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்தவள். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். சமூக வலைத்தளம் ஒன்றில் புனைபெயரில் கவிதை எழுதிவந்தாள். புகைப்படம் கிடையாது, ஊர்ப்பெயர் கிடையாது. எழுதுவது அவள்தான் என்பது எனக்கும் அவளுடைய தோழியர் இருவருக்கும் மட்டுமே தெரியும். ஆனால் அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்க செல்பேசி எண் கொடுத்தாக வேண்டும். கணக்கின் பாதுகாப்புக்காக மட்டும் என்று எழுதியிருந்தது. கொடுத்தாள்.

அவளுடைய பெரியப்பா மகனின் செல்பேசியில் அவள் எண் இருந்தது. இருக்கத்தானே செய்யும்? அவன் தன் செல்பேசியிலிருந்த எண்கள் அனைத்தையும் பார்வையிட அதே தளத்துக்கு அனுமதி கொடுத்தான். அடுத்த சில நாட்களில், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்ற குறிப்போடு அந்தப் புனைபெயர் அவன் திரையில் வந்து நின்றது. உள்ளே போய்ப் படித்தான். படித்ததை வீட்டுக்குக் கொண்டுபோனான். அவள் செல்பேசி பிடுங்கப்பட்டது. பிறகு தேர்வெழுத மட்டும் கல்லூரிக்கு வந்தாள். கவிதையைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் விட்டுட்டேன் ஐயா” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

முகமூடி எதற்கு என்ற கேள்விக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே பதிலாகப் போதும். ஆனாலும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்த மூத்த எழுத்தாளர் தம்முடைய சொந்தக் கருத்து என்று நினைத்துச் சொன்னது, உண்மையில் சில பெருநிறுவனங்கள் தங்கள் வணிகத் தேவைக்காக ஓர் அறநெறியாக உருமாற்றி உலகெங்கும் பரப்பிய கருத்து. அதற்கு நம் இலக்கிய அரங்கில் கைதட்டல் கிடைப்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க், ஒருவருக்கு இரண்டு அடையாளங்கள் இருப்பது நேர்மைக் குறைவு என்ற பொருளில் பேசியது 2010இல் வெளிவந்த டேவிட் கிர்க்பாட்ரிக்கின் நூலில் பதிவாகியிருக்கிறது. 2011 ஜூனில் கூகுள் தன் கூகுள் பிளஸ் தளத்தைத் தொடங்கியபோது உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கியது. புனைபெயரில் இருந்தவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் எடின்பரோவில் இது பற்றிக் கேட்கப்பட்டபோது, அந்நிறுவனத்தின் தலைவர் எரிக் ஷ்மிட் அதை அடிப்படையில் ஓர் அடையாளச் சேவை என்று விளக்கினார். நண்பர்கள் கூடிப் பேசும் திண்ணை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த இடம், கட்டியவரின் கணக்கில் ஆள் அடையாளம் காணும் சாவடியாக இருந்திருக்கிறது.

உண்மைப் பெயர் என்பதை இவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு 2011 நவம்பரில் சல்மான் ருஷ்டிக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். ஃபேஸ்புக் அவர் கணக்கை முடக்கியது, கடவுச்சீட்டைக் கேட்டது. அதில் முதற்பெயர் அஹமது என்றிருந்ததால் அவரை அஹமது ருஷ்டி ஆக்கியது. அவர் ட்விட்டரில் கேலியும் கோபமுமாக எழுதிய பிறகே சல்மான் திரும்பக் கிடைத்தார். உலகம் அறிந்த எழுத்தாளருக்கு உரத்த குரல் இருந்தது, பெயர் மீண்டது. 2014இல் சான் பிரான்சிஸ்கோவில் பெண் வேடமிட்டு மேடையேறும் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் கணக்கிழந்தபோது அவர்கள் ஒன்றுதிரண்டு போராட வேண்டியிருந்தது. அக்டோபரில் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. கூகுளோ அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2014 ஜூலையில், பெயர்க் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 2019 ஏப்ரலில் அந்தத் தளமே பொதுமக்களுக்கு மூடப்பட்டது. தளம் போய்விட்டது, அது விதைத்த எண்ணம் நம்மிடையே தங்கிவிட்டது.

தமிழர்களாகிய நமக்கு இந்த உண்மைப் பெயர் விவகாரம் ஒரு நகைச்சுவையும்கூட. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. வேறு வழியின்றித் தந்தை பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுதுகிறோம். அன்றிலிருந்து நமக்கு வரும் கடிதங்கள் எல்லாம் நம் அப்பாவை விளித்தே வருகின்றன. உண்மைப் பெயர் கேட்டவர்களுக்கு நாம் கொடுத்ததே ஒரு புனைபெயர்தான். அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்களுக்கு வேண்டியது உண்மை அன்று. எல்லா இடங்களிலும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

ஏன் வேண்டும்? மருந்துக் கடைக்காரருக்கு நான் வாங்கும் மாத்திரை தெரியும். புத்தகக் கடைக்காரருக்கு என் வாசிப்பு தெரியும். துணிக்கடைக்காரருக்கு என் வருமானம் ஓரளவு தெரியும். இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாதவரை நான் ஒரு சாதாரண வாடிக்கையாளன். மூவரின் கணக்கேடுகளும் ஒரே நூலால் தைக்கப்பட்டால், என்னைப் பற்றி என் மனைவிக்கும் தெரியாத ஒரு சரிதம் உருவாகிவிடும். அந்த நூல்தான் பெயர். இன்றைக்குப் பெயரைவிட உறுதியான நூல் செல்பேசி எண். பெயர்கள் பலருக்கு ஒன்றாக இருக்கலாம். எண் அப்படி இராது, எளிதில் மாறுவதும் இல்லை. ஒவ்வொரு ரசீதுக்கும் எண் கேட்கப்படுவது வெறும் உபசாரம் அன்று.

பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கிய எண் விளம்பரத்துக்குப் போனது என் ஊகம் அன்று, அமெரிக்க அரசின் ஆவணங்களில் உள்ளது. 2019 ஜூலையில் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்த அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம், கணக்கின் பாதுகாப்புக்காகப் பெற்ற எண்களை விளம்பரத்துக்கும் பயன்படுத்தியதைக் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது. ட்விட்டரும் அதையே செய்ததாக 2022 மே மாதத்தில் 15 கோடி டாலர் கட்டியது. 2013 முதல் 2019 வரை 14 கோடிக்கும் மேற்பட்டோர் தங்கள் எண்ணையோ மின்னஞ்சலையோ அவ்வாறு நம்பிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மறைக்க ஒன்றுமில்லாதவர்கள்தாம். பூட்டுக்காக வாங்கிய சாவியைப் பூட்டுக்காரன் படியெடுத்து வைத்துக்கொண்டான் என்பதே வழக்கு.

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. உங்கள் பெயரை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை, பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவுகளைப் பயன்படுத்துகிறோம் என்பார்கள். தமிழ் இலக்கியம் படித்தவர்களாகிய நாமாவது இந்தச் சமாதானத்தில் ஏமாறக்கூடாது. இந்தக் கேள்வியை நம் உரையாசிரியர்கள் எப்போதோ எதிர்கொண்டுவிட்டார்கள்.

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. காதலிப்பவர் யாரெனத் தெரியும் கணத்தில் அது அகம் ஆகாது, ஊரறிந்த செய்தியாகிவிடும். நக்கீரரின் நெடுநல்வாடை இந்த விதியைப் பெயரளவில் மீறவில்லை. பிரிவால் வாடும் அரசி, பாசறையில் உறங்காமல் காயம்பட்டோரைக் காணச் செல்லும் அரசன், இருவருக்குமே பெயர் இல்லை. ஆனால் அரசனின் முன்னே செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. எனவே இது இன்னாரைக் குறித்தது என்பது வெளிப்பட்டுவிட்டது, ஆகவே இப்பாட்டு அகம் ஆகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். அந்த முடிவை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் அவர் கண்ட அடிப்படை உண்மையை மறுக்க முடியாது. பெயரை நீக்குவதால் ஆள் மறைந்துவிடுவதில்லை. ஒரு வேப்பந்தார் போதும்.

இதையே 1990களின் பிற்பகுதியில் லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நிரூபித்தார். மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வுக்காக அளிக்கப்பட்டிருந்தன. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றும் நீக்கப்படவில்லை. அவர் 20 டாலருக்கு வாக்காளர் பட்டியல் ஒன்றை வாங்கி இரண்டையும் ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே கண்டெடுத்தார். இந்த மூன்று விவரங்களை மட்டும் வைத்து அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 2000இல் கணக்கிட்டார். மூன்று வேப்பிலைகள்.

2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், ஏறத்தாழ 4.8 லட்சம் சந்தாதாரர்கள் திரைப்படங்களுக்கு இட்ட 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி ஒரு போட்டிக்காக வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அர்விந்த் நாராயணனும் விதாலி ஷ்மாட்டிகோவும் (நாராயணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்), பொதுவெளியில் சிலர் தம் பெயரோடு எழுதிய பட விமர்சனங்களை இதனோடு ஒப்பிட்டு ஆட்களைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள். பார்த்த படங்களிலிருந்து ஒருவரின் அரசியலையும் பாலியல் நாட்டத்தையும் ஊகிக்க முடியும். 2009 டிசம்பரில் தொடரப்பட்ட வழக்கில், தன்பால் நாட்டமுள்ள ஒரு தாய் தன் பெயரை வெளியிடாமலே நீதிமன்றம் சென்றார். 2010இல் நெட்ஃபிளிக்ஸ் தன் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது. படம் பார்த்ததை மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் அன்பர்கள் அந்தத் தாயை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே நிறுவனங்கள் ஒரே மூச்சில் இரண்டு முரணான வாக்கியங்களைச் சொல்கின்றன. உன் உண்மைப் பெயரைக் கொடு, அதுதான் நேர்மை என்பது ஒன்று. உன் பெயரை நாங்கள் நீக்கிவிடுவோம், அதனால் கவலைப்படாதே என்பது மற்றொன்று. பெயர் அவ்வளவு முக்கியமென்றால் அதை நீக்கிவிட்ட தரவு எப்படி விலை போகிறது? அது முக்கியமில்லை என்றால் எதற்காக அதைக் கட்டாயப்படுத்த வேண்டும்?

இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான ஒன்றைச் சந்தித்தாக வேண்டும். புனைபெயரின் மறைவிலிருந்து பெண்களை இழிவாகப் பேசுபவர்கள், சாதிவெறியைக் கக்குபவர்கள் இருக்கிறார்கள். மூத்த எழுத்தாளரின் கோபத்தில் இதற்கும் பங்குண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வசைகளில் எத்தனை, சொந்தப் பெயரோடும், சாதிப் பின்னொட்டோடும், குடும்பப் படத்தோடும் எழுதப்படுகின்றன என்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். பெரும்பான்மையின் பக்கம் நிற்பவனுக்குப் பெயர் ஒரு தடை அன்று, அது அவனுக்குக் கவசம். பெயர் ஆபத்தாவது எதிர்ப்பக்கம் நிற்பவருக்குத்தான்.

தென்கொரியா இதைச் சட்டமாகவே செய்து பார்த்தது. 2007இல் பெரிய இணையதளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. தளங்கள் ஆள் விவரங்களைச் சேர்த்துக் குவித்தன. 2011இல் நேட், சைவேர்ல்டு ஆகிய தளங்களிலிருந்து ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. அந்நாட்டு மக்கள் தொகையே அப்போது 5 கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த விதியை ஒருமனதாக ரத்து செய்தது. குற்றம் செய்தவனைக் கண்டுபிடிக்கக் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வழிகள் உண்டு. அதற்காக ஊரார் எல்லோரும் தம் வீட்டுச் சாவியை வணிகரிடம் ஒப்படைத்து வைக்கத் தேவையில்லை.

புனைபெயர் என்றால் பொறுப்பின்மை என்ற எண்ணமும் தவறு. சொ. விருத்தாசலம் என்ற பெயருக்கா நாம் பதில் கேட்கிறோம், புதுமைப்பித்தன் என்ற பெயருக்கா? ரா. கிருஷ்ணமூர்த்தியின் புகழும் பிழையும் கல்கியின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ரங்கராஜன் தம் மனைவி பெயரில் எழுதினார் என்பதற்காகச் சுஜாதாவை யாரும் முகமூடிக்காரர் என்றதில்லை. நெடுநாள் சுமந்த புனைபெயருக்கு அதற்கே உரிய மானமும் அவமானமும் உண்டு. இன்னும் பின்னே சென்றால், செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் ஆகியோரின் இயற்பெயர் நமக்குத் தெரியவே தெரியாது. தொகுத்தவர்கள் பாட்டில் வந்த ஒரு தொடரையே புலவருக்குப் பெயராக்கி வைத்தார்கள். படைப்பாளிக்கு அவருடைய படைப்பே பெயர் கொடுத்த மரபு நம்முடையது. கடவுச்சீட்டைக் காட்டச் சொன்ன மரபு வேறெங்கோ தொடங்கியது.

கவிஞர் சல்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் எய்தியதும் பள்ளி நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் இருந்தபடி குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதியவர். அந்தப் புனைபெயர்தான் அவருக்கும் எழுத்துக்கும் நடுவே நின்ற கதவைத் திறந்தது. 2000இல் முதல் தொகுப்பு வெளிவந்தது. 2025இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். அக்காலத்தில் கவிதை அஞ்சலில் போயிற்று. இன்ன பெயரில் எழுதுபவர் உங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம் என்று அஞ்சல்காரர் உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லவில்லை. என் மாணவிக்கு அந்த நல்வாய்ப்பு இல்லாமற் போயிற்று. இருவருக்கும் இடையிலான வேறுபாடு துணிவில் இல்லை, அஞ்சல்காரரில் இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அதிலும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பிரிவுகளுக்கு மேலும் 18 மாதத் தவணை. சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை சட்டத்தில் இருக்கிறது, வரவேற்போம். ஆனால் புனைபெயரில் இயங்கும் உரிமை பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இது முடியாத ஒன்றும் அல்ல. ஜெர்மனியில், இயலுமிடத்தெல்லாம் இணையச் சேவைகளைப் புனைபெயரில் பயன்படுத்த இடமளிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2022 ஜனவரியில் அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றம், பழைய சட்டம் பொருந்தும் கணக்குகளைப் பொறுத்தவரை ஃபேஸ்புக் புனைபெயரை அனுமதித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இங்கே அத்தகைய கோரிக்கையை எழுப்ப வேண்டியவர்கள் யார்? புனைபெயரால் வளர்ந்த மொழியில் எழுதுபவர்கள் அல்லவா? நாமோ புனைபெயரைப் பழிக்கும் பேச்சுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

இறுதியாக, நம் வீட்டுக் குப்பையையும் பேசிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தின் வாசலில் ஒரு பதிவேடு இருந்தது. பெயர், ஊர், செல்பேசி எண் என்று மூன்று பத்திகள். எனக்கு முன்னே வந்த முப்பது நாற்பது பேரின் எண்கள், பெண்களுடையவை உட்பட, யார் வேண்டுமானாலும் படமெடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் திறந்து கிடந்தன. நானும் கேள்வி கேட்காமல் எழுதினேன். அடுத்த வாரம் வீட்டுமனை விற்பனைக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று என்னால் நிரூபிக்க இயலாது. யாராலும் நிரூபிக்க இயலாதபடி நம் எண் ஆயிரம் இடங்களில் கிடப்பதுதான் இந்த வணிகத்தின் பலம். கல்லூரியில் நானே மாணவர்களின் எண்களைப் பட்டியலிட்டு, அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டியவன். இனி ஒட்டமாட்டேன்.

நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த கூட்டத்தில் அந்த மூன்றாவது பத்தியை எடுத்துவிடுங்கள். வருபவர் தாம் விரும்பிய பெயரை எழுதிவிட்டு உள்ளே வரட்டும். செல்பேசியிலுள்ள எண்கள் அனைத்தையும் ஒரு நிறுவனம் கேட்கும்போது, அவை நம்முடையவை அல்ல, நம்மை நம்பிக் கொடுத்தவர்களுடையவை என்று நினைத்து மறுத்துவிடுங்கள். அந்தப் பெரியப்பா மகன் அனுமதி என்ற சொல்லை அழுத்தியபோது, அவன் அனுமதித்தது தன் தங்கையின் அந்தரங்கத்தை.

மூத்த எழுத்தாளருக்கும் ஒரு சொல். உங்கள் நேர்மையின் மீது எனக்கு ஐயமில்லை. ஆனால் சொந்தப் பெயரில் எழுத முடிந்தது துணிவினால் மட்டும் அன்று. அதற்கு இடம் கொடுத்த பிறப்பும் குடும்பமும் வேலையும் அமைந்ததாலும்தான். அது எனக்கும் பொருந்தும். அவை அமையாதவர்களுக்கு நம்மால் செய்யக்கூடிய குறைந்தபட்ச உதவி, அவர்கள் யாரென்று கேட்காமல் அவர்கள் எழுதியதைப் படிப்பது.

அந்த மாணவி மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கலாம் என்று சில நேரங்களில் நினைத்துக்கொள்கிறேன். எந்தப் பெயரில் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை.